பழைய எண்ணெய் என்ற பெயரில்...

டீசல் எஞ்சின்களோடு காலம் கழித்து ஓய்வு பெற்ற என்னிடம், "வடை சுட்ட எண்ணெயில் வண்டி ஓடுமா, தாத்தா?" என்று கள்ளிக்காட்டில் பேரன் கேட்டான். ஓடும், மெத்தனால் சேர்த்துப் பயோடீசலாக மாற்ற வேண்டும்.

ஐரோப்பாவில் பழைய எண்ணெயில் செய்த பயோடீசலைப் பசுமை எரிபொருள் இலக்கில் இரு மடங்காகக் கணக்கிடலாம். ஆகவே, புதுப் பாமாயிலே 'பழையது' என்ற சான்றிதழோடு இறக்குமதியாவதாகச் சந்தேகம் எழுந்தது. பயோடீசலான பின் சோதனைக்கூடத்தில் வேறுபாடு காண்பது கடினம்.

உற்பத்தியாளர் அமைப்பான ஐரோப்பிய பயோடீசல் வாரியம் முறையிட, 2025 பிப்ரவரியில் சீனப் பயோடீசலுக்கு 10 முதல் 35.6 விழுக்காடு வரை வரி விதிக்கப்பட்டது. ஆனால் அது அடிமாட்டு விலைக்கான வரி. பொய்ச் சான்றைத் தடுக்காது.

வாணலியிலிருந்தே கணக்கு வேண்டும். நம் கடைக்காரர்களும் பழைய எண்ணெயை ரசீது பெற்றே கொடுக்கட்டும். இல்லையேல் அது நம் வடைக்கே திரும்பி வரலாம்.