சொடுக்கொலியும் நாய்க் கல்வியும்

நுழையும்முன்

நாயைப் பழக்குதல் என்றதும் கையில் கோலும் கழுத்தில் சங்கிலியுமே நினைவுக்கு வருகின்றன. இவ்விரண்டும் இன்றி, ஒரு சிற்றொலியும் ஒரு துண்டு உணவும் கொண்டு நாய்க்குக் கற்பிக்க இயலும். அம்முறை தோன்றிய வரலாற்றையும் அது செயற்படும் விதத்தையும் இப்பாடம் விளக்குகிறது.

மார்கழித் திருவாதிரை நாள்களில் சிதம்பரம் தேர் வீதிக் கடைகளில் தகரத் தவளைகள் விற்கும். அடிப்பக்கத்தில் உள்ள எஃகுத் தகட்டை அழுத்திவிட்டால் ‘டக் டக்’ என்று ஒலிக்கும். என் இளமையில் கீரப்பாளையத்திலிருந்து தேர் பார்க்கச் சென்ற பிள்ளைகள் அதனை ஒலித்தபடியே ஊர் திரும்புவோம். மறுநாள் வகுப்பில் அது ஆசிரியரின் மேசை இழுப்பறைக்குள் போய்விடும். நாய்ப் பயிற்சியாளர்கள் இன்று கையில் வைத்திருக்கும் ‘கிளிக்கர்’ என்னும் கருவி, அத்தகரத் தவளையின் உறவுதான். அதனைத் தமிழில் சொடுக்கி எனலாம்.

அமெரிக்காவில் இவ்வகைத் தகரப் பொம்மைக்குச் ‘சிள்வண்டு’ என்று பொருள்படும் பெயர் உண்டு. பி. எஃப். ஸ்கின்னர் என்னும் உளவியலறிஞர், விலங்குகளுக்குக் கற்பிக்கும் முறை குறித்து 1951ஆம் ஆண்டு ‘சயின்டிஃபிக் அமெரிக்கன்’ இதழில் எழுதிய கட்டுரையில் இந்தச் சிள்வண்டைப் பயன்படுத்தலாம் என்று எடுத்துக்காட்டினார். ஒரு செயலின் விளைவு இனிதாக அமைந்தால் அச்செயல் மீண்டும் நிகழும் என்பது அவருடைய ஆய்வின் அடிப்படை. கல்வியியல் நூல்கள் இதனைச் செயல்படு ஆக்கநிலையுறுத்தல் என வழங்கும்.

ஒலி எதற்கு?

நாய் அமர்ந்ததும் உணவைக் கொடுத்துவிட்டால் போதாதா, இடையில் ஓர் ஒலி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். இம்முறையின் உயிர்நிலை இவ்வினாவிற்கான விடையில்தான் இருக்கிறது.

நாய் அமர்கிறது. நாம் மகிழ்ந்து, பைக்குள் கைவிட்டு உணவை எடுத்து நீட்டுகிறோம். இதற்குள் சில நொடிகள் கடந்துவிடுகின்றன. உணவின் மணம் அறிந்த நாயோ எழுந்து நின்று வாலாட்டத் தொடங்கியிருக்கும். உணவு வாய்க்கு வரும்போது அது நின்றுகொண்டிருக்கிறது. ஆகவே எழுந்து நின்றதற்கே உணவு கிடைத்தது என்று கற்றுக்கொள்கிறது. பிழை நாயுடையது அன்று. சொடுக்கொலி இந்த இடைவெளியைக் கடக்கும் பாலமாக அமைகிறது. ‘இந்த நொடியில் நீ செய்தாயே, அதற்குத்தான் உணவு’ என்று அது சுட்டிக் காட்டிவிடுகிறது. அதன்பின் உணவு சற்றுத் தாமதித்து வந்தாலும் தவறில்லை.

பாராட்டுச் சொல்லால் இதனைச் செய்ய இயலாதா என்றால், ஓரளவு இயலும். ஆனால், நம் குரல் ஒருநாள் குழைகிறது, மற்றொரு நாள் கடுக்கிறது. அதே சொற்களை நாள் முழுவதும் பிறரிடமும் பேசுகிறோம். சொடுக்கொலியோ குறுகியது, என்றும் ஒரே தன்மையது.

ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர் பிரேலண்டு, மரியன் பிரேலண்டு இணையர் 1940களில் இவ்வறிவை ஆய்வகத்திலிருந்து வெளியே கொணர்ந்து, நாய்கள் உள்ளிட்ட பல விலங்குகளைப் பயிற்றினர். 1960களில் ஹவாய்த் தீவில் டால்பின்களைப் பயிற்றிய கேரன் பிரையர் இதே நோக்கத்திற்கு ஊதலைக் கையாண்டார். டால்பினை அடிக்கவும் முடியாது, கயிறு கட்டி இழுக்கவும் முடியாது. வெறுப்புற்றால் குளத்தின் மறுபக்கம் நீந்திப் போய்விடும். தண்டனைக்கு வழியே இல்லாத அந்நிலையில் கற்பிக்கும் கலை கூர்மை பெற்றது. பிரையர் தாம் கற்றவற்றை 1984இல் நூலாக வெளியிட்டார். 1990களில் சொடுக்கி நாய் வளர்ப்போரிடையே பரவியது.

கற்பிக்கும் முறை

முதலில் ஒலிக்குப் பொருள் ஏற்ற வேண்டும். சொடுக்கியை ஒருமுறை ஒலித்து, உடனே கொண்டைக்கடலை அளவு உணவு தருதல் வேண்டும். உப்பும் காரமும் சேராத வேகவைத்த கோழித் துணுக்கோ முட்டைத் துணுக்கோ போதும். இவ்வாறு இருபது முறை செய்தபின், ஒலி கேட்டதுமே நாய் உணவை எதிர்பார்த்துத் தலை திருப்பும்.

பின்னர்க் காத்திருக்க வேண்டும். நாயின் முதுகை அழுத்தி அமர்த்தக் கூடாது. அது தானே அமரும். பின்புறம் தரையைத் தொடும் நொடியில் சொடுக்குங்கள். சில முறைக்குப்பின், நம் முகத்தை நோக்கியபடி நாய் வேண்டுமென்றே அமரும். தன் செயலால் நம்மை ஒலிக்கச் செய்யலாம் என அது கண்டுகொண்ட தருணம் அது. அதனை ஒருமுறை கண்டவர் மறவார். ‘உட்கார்’ என்னும் சொல்லை அதன்பின்னரே சேர்க்க வேண்டும். செயல் அறியாத நாய்க்குக் கட்டளைச் சொல் வெற்றோசையே.

கைகொடுத்தல் போன்ற வித்தைகளைப் படிப்படியாக வடிக்க வேண்டும். முன்காலைச் சிறிதே அசைத்தால் ஓர் ஒலி. அது நிலைத்தபின், காலை உயர்த்தினால் மட்டுமே ஒலி. அதற்குப்பின், நம் உள்ளங்கையைத் தொட்டால்தான் ஒலி. ஐந்து மணித்துளிகளுக்குமேல் பயிற்சியை நீட்டித்தல் வேண்டா.

இம்முறையில் தண்டனைக்கு இடமில்லாமைக்கு இரக்கம் மட்டும் காரணமன்று. அவிழ்த்துக்கொண்டு ஓடிய நாய், நாம் அழைத்ததும் திரும்பி வருகிறது, வந்ததும் அடிக்கிறோம். ஓடியதற்காக அடித்தோம் என்று நாம் எண்ணுகிறோம். அழைத்தபோது வந்ததற்கே அடி விழுந்தது என்று நாய் கற்றுக்கொள்கிறது. அடுத்தமுறை அது வராது. பிரம்பும் பாடக்குறிப்பேடும் ஒன்றாகவே வகுப்பிற்குள் சென்ற காலத்தில் பணியில் சேர்ந்தவன் நான்; இவ்வரிகளை எழுதும்போது சில முகங்கள் நினைவில் வந்து போகின்றன.

நாட்டு நாய்கள்

நாட்டு நாய்க்குப் பாடம் ஏறாது என்று நம் ஊர்களில் சொல்வதுண்டு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. அதில் வீரனுக்கு அருகில் அவனுடைய நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துக் காவல் காத்த அந்நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டு கூறுகிறது. கருநாடகத்தின் முதோல் வேட்டைநாய்கள் 2016இல் மீரட்டிலுள்ள இராணுவப் பயிற்சி மையத்திற்குக் கொண்டு செல்லப்பட்டுப் பணிக்குப் பழக்கப்பட்டன.

ஆயினும், ஒவ்வோர் உயிருக்கும் இயல்பு என ஒன்று உண்டு. பிரேலண்டு இணையர் மர நாணயத்தை எடுத்துவந்து உண்டியலில் இடுமாறு பன்றிகளைப் பழக்கினர். சில வாரங்களில் பன்றிகள் நாணயத்தை வழியிலேயே போட்டு, கிழங்கு அகழ்வதுபோல் மூக்கால் உழத் தொடங்கின. தம் முறை தோற்ற இடத்தை மறைக்காமல் 1961இல் அவர்கள் அதனைக் கட்டுரையாக வெளியிட்டமை பாராட்டத்தக்கது. நம் இராசபாளையம், சிப்பிப்பாறை நாய்களும் கண்ணால் கண்டு துரத்தும் வேட்டை இனங்களே. எதிரே ஆடு ஓடும்போது அவை பாடத்தைக் கவனிக்கவில்லை என்று வருந்திப் பயனில்லை; அமைதியான இடத்தில் தொடங்குவதே முறை.

நன்கு பழகிய, வெறிநோய்த் தடுப்பூசி போடப்பட்ட நாயிடம் மட்டுமே இதனைச் செய்து பாருங்கள். நாய் கடித்தால், காயம் சிறிதாயினும், ஓடும் நீரில் வழலைக்கட்டி கொண்டு பதினைந்து மணித்துளிகள் கழுவி, உடனே மருத்துவமனை செல்ல வேண்டும்.

சொடுக்கி கிடைக்காவிட்டால் அழுத்தி எழுதும் பொத்தான் பேனா போதும். எங்கள் வீட்டுச் செவலை நாயை அப்படித்தான் பழக்கினேன். ஒலித்தபின் உணவு தர ஒருபோதும் தவறக் கூடாது என்பது இம்முறையின் விதி. விடைத்தாள் திருத்த அமர்ந்து சிவப்புப் பேனாவை அழுத்தினேன். திண்ணையில் உறங்கிய செவலை எழுந்து வந்து, என்முன் நிமிர்ந்து அமர்ந்தது. தாள்களை மூடிவைத்துவிட்டு அடுக்களைக்கு நடந்தேன்.