ஊர் திரும்பிய வீட்டுக்கு நல்ல இறைச்சி, மீன், மரக்கறி: எங்கே, எப்படி வாங்குவது?

தற்காலிகக் கொட்டிலில் இருந்தபோது அரிசி, பருப்பு, மா, சீனி எல்லாம் நிவாரண அட்டைக்கு வந்தன. சொந்த வீட்டுக்கு வந்த பிறகு எல்லாவற்றையும் நீங்களே தேடி வாங்க வேண்டும். பழைய கடைகள் சில 2004 டிசம்பர் 26 அன்று கடலோடு போய்விட்டன. சில வேறு வீதிக்கு மாறிவிட்டன. கடற்கரையிலிருந்து உள்ளே வீட்டுத்திட்டங்களுக்கு வந்த குடும்பங்களுக்கு, முன்பு வாசலுக்கே வந்த மீன்காரரும் இப்போது தூரமாகிவிட்டார். இந்த நிலையில் பழுதான ஒரு கிலோ இறைச்சியை வாங்கினால் கைக்காசும் போகும், பிள்ளைக்கு வயிற்றோட்டமும் வரும். அதைத் தவிர்க்கவே இந்தப் பக்கங்கள்.

இறைச்சிக்கடையில் எதைப் பார்க்க வேண்டும்?

இலங்கையில் இறைச்சிக்கடை நடத்துபவர் உள்ளூராட்சி சபையின் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். இந்தச் சட்டம் 1893ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது மக்களுக்குக் கல்முனை மாநகர சபை பொறுப்பு. நிந்தவூர், காரைதீவு, சம்மாந்துறை மக்களுக்கு அந்தந்தப் பிரதேச சபை பொறுப்பு. மாட்டை மடுவத்தில் பரிசோதித்த பிறகே அறுக்க வேண்டும். நோயுள்ள மாடும் களவெடுத்த மாடும் கடைக்கு வராமல் தடுப்பது இந்தப் பரிசோதனைதான். வீட்டு வளவுக்குள் ஒளித்து அறுத்த இறைச்சி மலிவாகக் கிடைக்கலாம். ஆனால் அந்த மாடு எப்படிச் செத்தது என்று யாருக்கும் தெரியாது.

“காக்கா, இது எப்ப அறுத்தது?” என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை. சுபஹுக்குப் பிறகு அறுத்த இறைச்சியைக் காலை ஒன்பது மணிக்குள் வாங்குவது நல்லது. விரலால் அழுத்தினால் குழி உடனே நிரம்ப வேண்டும். நிறம் சிவப்பாக இருக்க வேண்டும். பச்சை படர்ந்திருந்தாலோ, கையில் பிசுபிசுத்தாலோ, புளித்த வாடை வந்தாலோ விட்டுவிடுங்கள். கட்டையும் கத்தியும் கழுவியிருக்கிறதா, ஈ மொய்க்காமல் வலை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். தொங்கும் இறைச்சியில் வீதிப் புழுதி படியும் கடையை விட, சற்று உள்ளே தள்ளி இருக்கும் கடை மேல்.

போயா தினத்தில் நாடெங்கும் இறைச்சிக்கடைகள் பூட்டியிருக்கும். அன்று யாராவது இரகசியமாக விற்றால் அது பரிசோதிக்காத இறைச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மீனைப் பற்றிய பயம்

சுனாமிக்குப் பிறகு, கடல் மீன் மனித உடல்களைத் தின்றது என்ற கதை பரவியது. பலர் மீனையே விட்டார்கள். வள்ளமும் வலையும் இழந்த மீனவருக்கு அது இரண்டாவது அடி. கடல் மீனைச் சாப்பிடுவதால் அப்படியொரு நோய் வராது என்று சுகாதாரத்துறையினர் அப்போதே தெளிவுபடுத்தினார்கள். நெத்தலியும் சாளையும் கடல்நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர்களைத் தின்று வளர்பவை. இன்னும் உங்கள் வீட்டில் யாருக்காவது அந்தத் தயக்கம் இருந்தால் வற்புறுத்த வேண்டாம். கடலுக்கு உறவைக் கொடுத்தவருக்கு அது வெறும் உணவு விஷயம் அல்ல. குளத்து மீனில் தொடங்கலாம். இறக்காமப் பக்கத்திலிருந்து திலாப்பியா வருகிறது.

உண்மையான ஆபத்து வெயில்தான். சூரை போன்ற மீன்களை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற நச்சுப்பொருள் உருவாகும். எவ்வளவு சமைத்தாலும் அது போகாது. சாப்பிட்டுச் சிறிது நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலையிடி வரும். ஆகவே கண் தெளிவாக, செவுள் சிவப்பாக, சதை இறுக்கமாக உள்ள மீனையே எடுங்கள். கரைவலை இழுக்கும் காலத்தில் காலையில் கடற்கரைக்கே போனால் மலிவாகவும் புதிதாகவும் கிடைக்கும். மாரி மழைக் காலத்தில் கடல் கொந்தளிக்கும். அப்போது மீன் குறையும், விலை ஏறும். அந்த மாதங்களுக்குக் கருவாடும் முட்டையும் பருப்பும் கை கொடுக்கும்.

பால், தயிர், முட்டை

உள்ளூர்ப் பட்டிகளிலிருந்து வரும் பாலைப் பொங்கக் காய்ச்சாமல் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டாம். சட்டியில் வரும் எருமைத் தயிரில் மேலே பூஞ்சணம் இருக்கிறதா என்று பாருங்கள். முட்டையைத் தண்ணீரில் போடுங்கள். அடியில் படுத்தால் புதிது, மிதந்தால் பழுது.

மரக்கறியும் அரிசியும்

கல்முனைச் சந்தைக்குச் சுற்றுவட்டத் தமிழ், முஸ்லிம் ஊர்களிலிருந்து கத்தரி, வெண்டி, பயற்றை, பூசணி, கீரை வகை வருகின்றன. ஒரே விற்பனையாளரிடம் தொடர்ந்து வாங்குங்கள். இரண்டு மாதத்தில் அவருக்கு உங்களைத் தெரியும். நல்லதை எடுத்து வைப்பார். கீரையைப் பல தண்ணீரில் கழுவுங்கள்.

அரிசிக்குச் சம்மாந்துறை வட்டைகள் பக்கத்தில்தான் இருக்கின்றன. பெரும்போக அறுவடை மாசி, பங்குனியில் முடியும்போதும் சிறுபோக அறுவடை ஆவணி, புரட்டாதியில் முடியும்போதும் நெல் விலை இறங்கும். நான்கு குடும்பம் சேர்ந்து விவசாயியிடமோ ஆலையிலோ மூடையாக வாங்கினால் கடை விலையை விடக் குறைவாகும். ஈரமில்லாத இடத்தில், நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்கள்.

உப்பேறிய வளவில் உடனே கீரை வராவிட்டால் மனம் தளர வேண்டாம். மழை உப்பைக் கழுவும்வரை, நல்ல மண் நிரப்பிய பைகளில் மிளகாயும் கீரையும் வளர்க்கலாம். ஒரு முருங்கைக் கம்பை வேலியோரம் ஊன்றிப் பாருங்கள்.

குளிரூட்டி இல்லாத வீட்டில்

5 பாகை முதல் 60 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் கிருமி வேகமாகப் பெருகும். எங்கள் பகல் வெயில் அதற்கு நடுவில்தான் இருக்கிறது. அதனால் அன்றைக்குத் தேவையானதை மட்டும் வாங்கி, வந்தவுடன் சமையுங்கள். சமைத்த கறியை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். மீண்டும் எடுத்தால் நன்றாகக் கொதிக்க வையுங்கள். பச்சை இறைச்சி வெட்டிய கத்தியையும் பலகையையும் கழுவாமல் சலாதுக்குப் பயன்படுத்த வேண்டாம். மிஞ்சிய இறைச்சியை மெல்லியதாகக் கீறி, உப்பும் மஞ்சளும் தடவி, வலை போட்டு நல்ல வெயிலில் காய வைக்கலாம்.

கடன் கொப்பி

கடைக்காரர் கொப்பி வைத்துக் கடன் தருவது உதவிதான். ஆனால் வீட்டு உதவித்தொகை தவணை தவணையாக வருவதால், கொப்பியில் எவ்வளவு ஏறியது என்று மறந்துவிடுகிறோம். உங்கள் வீட்டிலும் ஒரு கொப்பி வையுங்கள். வாங்கும்போதே இரண்டிலும் எழுதச் சொல்லுங்கள். கடன் இருக்கிறதே என்பதற்காகப் பழுதான பொருளை எடுக்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

பிழை கண்டால் யாரிடம் சொல்வது?

பழுதான இறைச்சி, மீன் பற்றி உங்கள் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். அவர் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் இருப்பார். விலை, எடை பற்றிய முறைப்பாட்டைப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை எடுக்கும். வாங்கிய பொருளையும், துண்டு இருந்தால் அதையும் கொண்டு போங்கள். தனியே போகத் தயங்கினால் எங்கள் களப் பணியாளரிடம் கூறுங்கள், உங்களோடு வருவார். ஒருவர் சொன்னால் அந்த வீதியில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் அது காவல்.