புது வண்டியும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

ஆரியங்கோடு, பெருங்கடவிளை, வெள்ளறடை என்று நம் மலையோரச் சாலைகளில் இன்று எஸ்.யு.வி. என்னும் உயரமான குடும்ப வண்டிகள் நிறைய ஓடுகின்றன. மேடும் பள்ளமுமான வழிகளுக்கும், பெரியவர்களையும் பிள்ளைகளையும் ஒன்றாக ஏற்றிக்கொண்டு நாகர்கோவிலுக்கோ திருநெல்வேலிக்கோ ஒரு கல்யாணத்திற்குப் போய் வரவும் அவை ஏற்றவைதான். ஆனால் ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பும் வங்கிக் கடனும் சேர்ந்துதான் அந்த வண்டி வாசலில் வந்து நிற்கிறது. ஆகவே மூன்றாம் மாதமே முன்பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டால் வீட்டார் முகம் வாடிவிடுகிறது. "ராசியில்லாத வண்டி" என்பார் ஒருவர். "எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை, அப்போதே நினைத்தேன்" என்பார் இன்னொருவர்.

ரயில்வே டீசல் ஷெட்டில் இயந்திரங்களோடு பல ஆண்டுகள் பழகியவன் என்ற முறையில் நம் அன்பர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். புது இயந்திரத்தில் குறை வருவது ராசியைப் பொறுத்ததன்று. அது இயந்திரங்களின் இயல்பு. அந்தக் குறையை எப்படிக் கவனிக்கிறோம், எப்படி எழுதி வைக்கிறோம் என்பதில்தான் நம் பணமும் பாதுகாப்பும் இருக்கின்றன.

முதல் ஆண்டில் ஏன் குறை வருகிறது?

எந்த இயந்திரத்தின் ஆயுளையும் மூன்று பகுதியாகப் பிரிக்கலாம். தொடக்கத்தில் சில காலம் குறைகள் சற்று அதிகமாக இருக்கும். பிறகு நீண்ட காலம் தொல்லை குறைவாக ஓடும். கடைசியில் தேய்மானத்தால் குறைகள் மறுபடி பெருகும். இதைக் கோடாக வரைந்தால் இருபக்கமும் உயர்ந்து நடுவில் தாழ்ந்த குளியல் தொட்டியைப் போல இருக்கும் என்பதால் பொறியாளர்கள் இதைத் தொட்டி வளைவு என்பார்கள்.

ஒரு வண்டியில் ஆயிரக்கணக்கான பாகங்கள் உண்டு. அவை பல ஊர்த் தொழிற்சாலைகளில் உருவாகி ஓரிடத்தில் பொருத்தப்படுகின்றன. ஒரு நட்டு அரைச்சுற்று குறைவாக முறுக்கப்பட்டிருக்கலாம். ஒரு ஒயர் கனெக்டர் முழுதும் உள்ளே போகாமல் நின்றிருக்கலாம். ஒரு ரப்பர் சீல் மடங்கி உட்கார்ந்திருக்கலாம். தொழிற்சாலைச் சோதனையில் தெரியாத இவை நம் ரோட்டின் குலுக்கலிலும் மழையிலும் வெளியே வரும். வாரண்டி என்று ஒன்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அதற்கான விலையையும் நாம் வண்டியோடு சேர்த்தே கொடுத்திருக்கிறோம். எனவே அதைக் கேட்டு வாங்கக் கூச்சப்பட வேண்டியதில்லை.

எழுதாத குறை, தீராத குறை

டீசல் இன்ஜின் ஒவ்வொன்றிற்கும் ஒரு லாக் புத்தகம் உண்டு. ஓட்டி வந்த டிரைவர் கண்ட குறையை அதில் எழுதுவார். ஷெட்டில் அதைச் சரிசெய்தவர் என்ன செய்தார் என்று எழுதிக் கையெழுத்திடுவார். "இன்ஜின் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் யாருக்கும் பயனில்லை. எந்த நாட்ச்சில், என்ன வேகத்தில், ஏற்றத்திலா சமதளத்திலா என்று எழுதியிருந்தால், அனுபவமுள்ள பிட்டர் பாதி வேலையைப் படிக்கும்போதே முடித்துவிடுவார்.

ஆரியங்கோட்டில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் இதையே கண்டேன். வண்டி வாங்கி இரண்டு மாதத்தில் முன்பக்கம் "கட கட" என்று சத்தம். இரண்டு முறை சர்வீஸ் சென்டருக்குப் போனார்கள். இரண்டு முறையும் நகரத்து நல்ல ரோட்டில் ஓட்டிப் பார்த்து, "குறை ஒன்றும் இல்லை" என்று திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அந்த ரோட்டில் சத்தம் வரவே இல்லை.

அந்த வீட்டுப் பெரியவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி ஒரு வாரம் எழுதச் சொன்னேன். எழுதியபின் விஷயம் தெளிவாயிற்று. காலையிலும் மாலையிலும் ஒரே மாதிரி. ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பியபடி மெதுவாகக் குழியில் இறங்கும்போது மட்டும் சத்தம். நேராகப் போனால் இல்லை. மூன்றாம் முறை அந்தக் குறிப்பைக் காட்டி, மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதேபோன்ற ஓர் இறக்கத்தில் ஓட்டிக் காட்டினார்கள். முன் சக்கரத்தின் அருகே ஸ்டெபிலைசர் கம்பியின் இணைப்பில் ஒரு நட்டு தளர்ந்திருந்தது. முறுக்கிவிட அரை மணி நேரமும் ஆகவில்லை. செலவும் இல்லை.

ஆகவே எந்தக் குறை தெரிந்தாலும் ஐந்து விஷயங்களை எழுதுங்கள்: தேதி, ஓடிய கிலோமீட்டர், இன்ஜின் சூடாக இருந்ததா குளிர்ந்திருந்ததா, வேகமும் கியரும், ரோட்டின் தன்மை. எச்சரிக்கை விளக்கு எரிந்தால் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். சர்வீஸ் சென்டரை அடைவதற்குள் அது அணைந்துவிடக் கூடும்.

எது இயல்பு, எது குறை?

எல்லாவற்றிற்கும் பயப்படவும் கூடாது. மழை இரவுக்குப் பின் காலையில் முதல் சில பிரேக்குகளில் உராயும் சத்தம் கேட்டால், அது டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு. தானே போய்விடும். ஏ.சி. போட்டு நிறுத்திய வண்டியின் அடியில் தெளிந்த தண்ணீர் சொட்டினால் அதுவும் இயல்பே.

ஆனால் சொட்டுவது நிறமுள்ளதாகவோ பிசுபிசுப்பாகவோ இருந்தால், வண்டி ஒருபக்கம் இழுத்தால், பிரேக் மிதி வழக்கத்தைவிடக் கீழே போனால் தாமதிக்கக் கூடாது. சிவப்பு விளக்கு எரிந்தால் பாதுகாப்பான இடத்தில் உடனே நிறுத்த வேண்டும். மஞ்சள் விளக்கு என்றால் பொதுவாக மெதுவாக ஓட்டிச் சென்று விரைவில் காட்ட வேண்டும்.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. புது வண்டி யார்டில் நெடுநாள் நிற்பதால் டயரில் காற்றை அதிகமாக நிரப்பி வைப்பதுண்டு. டெலிவரியின்போது அது குறைக்கப்படாமல் வந்தால் வண்டி தூக்கிப் போடும். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஒட்டுச்சீட்டில் சரியான அளவு இருக்கும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பார்த்துச் சரிசெய்யுங்கள். டயருக்கும் பேட்டரிக்கும் பெரும்பாலும் அவற்றைச் செய்த கம்பெனியின் தனி வாரண்டி என்பதால் அந்தச் சீட்டுகளையும் பத்திரப்படுத்துங்கள்.

கிலோமீட்டரா, மாதமா?

பல வண்டிகளுக்கு முதல் இலவச சர்வீஸ் 1,000 கிலோமீட்டர் அல்லது ஒரு மாதம் என்று இருக்கும். உங்கள் வண்டிக்கு உரியதைக் கையேட்டில் பாருங்கள். "எது முன்னால் வருகிறதோ அது" என்ற சொற்களைத்தான் பலர் கவனிப்பதில்லை. பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, வண்டி இங்கே தகப்பனார் பொறுப்பில் ஷெட்டில் நிற்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. "அதிகம் ஓடவே இல்லை, எதற்கு சர்வீஸ்?" என்று மாதங்களைக் கடத்திவிட்டால், பின்னால் ஒரு பெரிய பழுது வரும்போது அதையே காரணம் காட்டி வாரண்டியை மறுக்க இடம் கொடுத்தவர்கள் ஆவோம். ஓடாவிட்டாலும் ஆயிலுக்கு வயதாகிறது. எனவே நோட்டின் முதல் பக்கத்தில் தேதிகளை எழுதுங்கள், கிலோமீட்டரை அடுத்து எழுதுங்கள்.

முதல் 1,000 கிலோமீட்டர் வரை ஆக்ஸிலேட்டரை முழுதும் மிதிப்பதும், அளவுக்கு மிஞ்சிய பாரம் ஏற்றுவதும், மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓட்டுவதும் வேண்டாம். உள்ளே உராயும் பாகங்கள் ஒன்றோடொன்று இழைந்து பொருந்தும் காலம் அது.

நம் ஊருக்கென்றே சில தொல்லைகள்

டீசல் வண்டி வைத்திருப்போர் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதிகள் வந்தபின், டீசல் கார்களின் புகைப் பாதையில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. டி.பி.எப். என்பார்கள். அதில் சேரும் கரி, வண்டி நல்ல சூட்டில் தொடர்ந்து ஓடும்போதுதான் எரிந்து தீரும். வீட்டிலிருந்து கடைக்கும், கடையிலிருந்து பள்ளிக்கும் என்று தினம் சிறு தூரம் மட்டும் ஓட்டினால் கரி எரிய வாய்ப்பே கிடைக்காது. எரிப்பு பாதியில் பலமுறை நின்றால் டீசல் ஆயிலில் கலந்து, டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் உயர்ந்து காட்டும். ஆயில் குறைவதைப் போலவே கூடுவதும் அபாயம். வாரம் ஒருமுறை கழக்கூட்டம் – காரோடு புறவழிச்சாலை போன்ற ரோட்டில் இருபது நிமிடம் சீரான வேகத்தில் ஓட்டுவது நல்ல மருந்து. விளக்கு எரிந்தால் கையேடு சொல்வதைச் செய்யுங்கள்.

அடுத்தது ரப்பர் மரம். இலை உதிரும் பனிக்காலத்தில் மரத்தடியில் நிறுத்தினால், முன்கண்ணாடியின் கீழே உள்ள வடிகால் துளைகள் இலைகளால் அடைபடும். மழை வந்தவுடன் தண்ணீர் வண்டிக்குள் இறங்கலாம். வாரம் ஒருமுறை கையால் இலைகளை அள்ளினால் போதும்.

எலி இன்னொரு தொல்லை. நிற்கும் வண்டியின் இன்ஜின் சூட்டைத் தேடி வந்து ஒயரைக் கடிக்கும். அதை வாரண்டியில் ஏற்க மாட்டார்கள். இன்சூரன்ஸில் கிடைக்குமா என்று பாலிசி எடுக்கும்போதே கேட்டு வையுங்கள். வாரம் இரண்டு முறை பானெட்டைத் திறந்து பாருங்கள்.

நம் பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. உயரமான வண்டிதானே என்று வெள்ளத்தில் இறக்க வேண்டாம். காற்று உறிஞ்சும் குழாய் வழியே நீர் புகுந்தால் இன்ஜின் உள்ளேயே உடையும். நீரில் நின்றுபோன வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யாமல் இழுத்துச் செல்வதே சரி.

ஜாப் கார்டும் சட்டமும்

சர்வீஸுக்கு விடும்போது ஜாப் கார்டில் குறையை உங்கள் சொற்களிலேயே எழுதச் சொல்லுங்கள். "பொதுச் சோதனை" என்று எழுதினால் ஒப்புக்கொள்ள வேண்டாம். என்ன செய்தார்கள், எந்தப் பாகம் மாற்றினார்கள் என்று எழுதி வாங்குங்கள். நகலை நோட்டில் ஒட்டுங்கள். வாரண்டிக் காலத்தில் தொடங்கிய குறை பின்னரும் தொடர்ந்தால் அந்தத் தாளே உங்கள் சாட்சி. பொதுவாக, கம்பெனியின் அங்கீகாரம் பெற்ற எந்த சர்வீஸ் சென்டரிலும் வாரண்டி செல்லும். மார்த்தாண்டத்தில் வாங்கிய வண்டியைத் திருவனந்தபுரத்தில் காட்டலாம், அங்கே வாங்கியதை இங்கேயும் காட்டலாம்.

எல்லாம் செய்தும் பயனில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு முக்கியமான செய்தி ஒன்றும் உண்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வண்டியை எங்கே வாங்கியிருந்தாலும் நாம் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம். 1986ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் இந்த வசதி இல்லை. விலை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையமே போதும். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தொடர வேண்டும். அங்கே முதலில் கேட்பது தேதியும் காகிதமும்தான்.

வண்டியை ஓட்டுபவர் வீட்டில் இரண்டு மூன்று பேராக இருக்கலாம். நோட்டு ஒன்றாகவே இருக்கட்டும். அதை முன் இருக்கையின் எதிரே உள்ள அறையில் ஒரு பேனாவோடு வையுங்கள். யார் ஓட்டினாலும், கண்டதை அன்றே எழுதட்டும். கல்லூரி போகும் பிள்ளைகளிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைத்தால் இன்னும் நல்லது. இயந்திரத்தைக் காது கொடுத்துக் கேட்கும் பழக்கம் இளம் வயதில் எளிதாக வரும்.