கோழிக்கும் ரத்தப் புற்றுநோய்: முதல் நாள் ஊசியே காப்பு

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களில் 50, 100 என்று கோழி வளர்க்கும் சிறு விவசாயிகள் உண்டு. மூன்று மாதம் தீனி போட்டு வளர்த்த கோழி, ஒரு காலை முன்னும் மறு காலைப் பின்னும் நீட்டிப் படுத்துவிட்டால், வெள்ளைக் கழிச்சல் என்று எண்ணி மருந்து கொடுப்பதுண்டு. பலன் இராது. அது மேரக்ஸ் நோயாக இருக்கலாம். 1907-ல் ஹங்கேரி நாட்டுக் கால்நடை மருத்துவர் மேரக் இதை முதலில் விவரித்தார்.

நோய் வரும் விதம்

ரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் எப்போது பெருக வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதை அவற்றின் மரபணுக்களே தீர்மானிக்கின்றன. மேரக்ஸ் வைரஸில் ‘மெக்’ என்ற மரபணு உண்டு. வைரஸ் வெள்ளணுவுக்குள் புகுந்ததும் இந்த மரபணு அதை ஓயாமல் பெருகச் செய்கிறது. பெருகிய அணுக்கள் நரம்பில் சேர்ந்தால் கால், இறக்கை விழும். ஈரலிலும் மண்ணீரலிலும் சேர்ந்தால் கட்டிகள் தோன்றும். சில கோழிகளுக்குக் கண் சாம்பல் நிறமாகிப் பார்வை போகும்.

லுகோசிஸ் என்பது வேறொரு வைரஸ் நோய். கோழியின் ரத்தப் புற்றுநோய் வைரஸால் பரவுவதை 1908-ல் டென்மார்க்கின் எல்லர்மன், பாங் இருவரும் காட்டினர். இந்த வைரஸ் தன் மரபணுவைக் கோழியின் மரபணுக்களுக்கிடையே செருகிவிடும். அணுப் பெருக்கத்தைத் தூண்டும் ‘மிக்’ மரபணுவின் அருகே அது அமைந்தால், அந்த மரபணு அடங்காமல் வேலை செய்யும். 1981-ல் இது கண்டறியப்பட்டது. பெரும்பாலும் நான்கு மாதத்திற்கு மேற்பட்ட கோழிகளே இதில் மடியும்.

மரபணுவிலேயே கோளாறு ஏற்பட்ட பிறகு எந்த மருந்தும் அதைத் திருத்தாது. ஆகவே வருமுன் காப்பதே வழி.

செய்ய வேண்டியவை

• மேரக்ஸ் தடுப்பூசியைக் குஞ்சு பொரித்த முதல் நாளே போட வேண்டும். நோய் கண்டபின் போட்டுப் பயனில்லை. குஞ்சு வாங்கும்போது பொரிப்பகத்தில் ஊசி போட்டார்களா என்று கேட்டு வாங்கவும். அடைக்கோழி பொரித்த குஞ்சுகளுக்குக் கால்நடை மருத்துவரை முன்கூட்டியே அணுகவும்.

• தடுப்பூசி கட்டியைத் தடுக்கும். வைரஸ் தொற்றை முழுதும் தடுக்காது. இறகுத் துகளிலும் கொட்டகைத் தூசியிலும் வைரஸ் பல மாதம் உயிரோடிருக்கும். பழைய கூளத்தை அகற்றி, கொட்டகையைக் கழுவி, மருந்தடித்த பிறகே புதுக் குஞ்சுகளை விடவும். பெரிய கோழிகளுடன் சேர்த்து வளர்க்கக் கூடாது.

• லுகோசிஸுக்குத் தடுப்பூசி இல்லை. அது தாயிடமிருந்து முட்டை வழியே குஞ்சுக்குச் செல்லும். இந்நோய் கண்ட பட்டியின் முட்டையை அடை வைக்கக் கூடாது.

• செத்த கோழியைச் சுண்ணாம்பு தூவி ஆழப் புதைக்கவும். அதற்கு முன் ஒன்றையாவது கால்நடை மருத்துவமனையில் அறுத்துப் பார்க்கச் சொன்னால் நோய் இன்னதென்று தெரியும்.

இந்த வைரஸ்களால் மனிதருக்குப் புற்றுநோய் வருவதில்லை. ஆனாலும் நோயுற்ற கோழியைக் கறிக்கு விற்கலாகாது. ஒரு நாள் குஞ்சுக்குப் போடும் ஊசியின் செலவு சொற்பமே; அதைத் தவறவிட்டால் மூன்று மாதத் தீனிச் செலவும் மண்ணோடு போகும்.