இராஜிநாமாவுக்குப் பின் வரும் காய்ச்சல்

உத்தியோகம் புருஷ லட்சணம் என்று நம் பெரியோர் சொல்லி வைத்தனர். அந்த உத்தியோகத்தை விட்டு நீங்குவதற்கும் ஒரு லட்சணம் உண்டு என்பதைப் பற்றி அவர்கள் யாதொன்றும் சொல்லிச் சென்றாரில்லை. நம் தந்தையர் காலத்தில் ஒரு கந்தோருக்குள் புகுந்தவர் பெரும்பாலும் ஓய்வூதியத்துடனேயே வெளியே வந்தார். ஆதலின் அவ்வாராய்ச்சிக்கு அவசியம் நேரவில்லை போலும். இக்காலத்து இளைஞரோ சில ஆண்டுகளுக்கொரு முறை இடம் மாறுகின்றனர். அவ்வாறு மாறும்போது, இராஜிநாமாக் கடிதம் கொடுத்த நாளுக்கும் கடைசிச் சம்பளம் வாங்கும் நாளுக்கும் இடையே பெரும்பாலும் ஒரு மாதம் கிடக்கிறது. அந்த ஒரு மாதத்தில் வரும் நோயைப் பற்றியே இங்கு பேச எண்ணுகிறோம்.

அது ஒரு விந்தையான மாதம். ஆள் இருக்கிறார், ஆனால் இல்லாதவர். கூட்டத்துக்கு அழைப்பில்லை, புதிய கோப்பு எதுவும் அவர் மேசைக்கு வருவதில்லை. தேநீர் வேளையில் அவர் தலை தெரிந்ததும் பேச்சுத் திசை மாறுகிறது. இந்நிலையில் காலையில் எழுந்து சட்டையை மாட்டிக்கொள்ளக் கை எழுவதில்லை. அப்பொழுதுதான் தலையிடி ஒன்று நினைவுக்கு வரும். “இன்று சுகமில்லை” என்று கைத்தொலைபேசியில் ஒரு வரி எழுதி அனுப்ப அரை நிமிடம் போதும். முன்னாளில் தந்தி அடிக்கவோ அயல்வீட்டுப் பையனைக் கடிதத்துடன் அனுப்பவோ வேண்டியிருந்தது. பொய்க்கும் அக்காலத்தில் சற்று உழைப்புத் தேவைப்பட்டது!

சுகவீனக் கடிதங்களில் நமக்குப் பழக்கம் அதிகம். கல்லூரியிலே கிரிக்கெட் போட்டிக்கு மறுநாள் நம் மேசையில் சேரும் கடிதக் கட்டைப் பார்த்தால், ஊரையே ஒரு விஷக்காய்ச்சல் பிடித்துவிட்டதோ என்று புதியவர் அஞ்சுவர். அக்கடிதங்களின் அடியில் இருப்பது தகப்பனாரின் கையொப்பமே. தகப்பனார் தொலைபேசியை எடுத்து, குரலைத் தாழ்த்தி, இரண்டு முறை இருமி விட்டுப் பேசுவதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை வேறு எதைக் கற்கும்? சில வீடுகளில் இப்பணி இல்லாளின் தலையில் விழுகிறது. “அவருக்கு எழும்ப ஏலாமல் கிடக்கு” என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கையில், அவரோ முற்றத்தில் நின்று தென்னைக்குத் தண்ணீர் விடுகிறார்.

இவ்வாறு செய்வோரிடம் காரணம் கேட்டால், “லீவு மிச்சம் கிடக்கிறதே, அதை ஏன் விடவேண்டும்?” என்பர். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி, முதலாண்டு கழிந்தபின் ஆண்டொன்றுக்கு 14 நாள் வருடாந்த விடுமுறையும் 7 நாள் அமய விடுமுறையும் உண்டு. சொந்த அலுவலும் சுகவீனமும் அந்த ஏழு நாளுக்குள்ளேயே அடங்கும். இதற்கு மேலாகச் சில நிறுவனங்கள் நியமனக் கடிதத்தின் மூலம் தனியே சுகவீன விடுமுறை வழங்குகின்றன. வருடாந்த விடுமுறை உரிமை, கேட்டுப் பெறலாம். சுகவீன விடுமுறையோ, நோய் வந்தால் பிடிப்பதற்கென்று விரித்து வைத்த பாய். நோய் வரவில்லையே என்று பாயைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துச் செல்லுதல் தகுமா?

இதற்கு மறுபுறத்தில் அஞ்சி நடுங்குவோரும் உளர். கடைசி மாதத்தில் இரண்டு நாள் படுத்துவிட்டால் பணிக்கொடை போய்விடும் என்று யாரோ சொல்லக் கேட்டு, காய்ச்சலுடன் பஸ் ஏறுகின்றனர். இது வீண் பயம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டம், 15 பேருக்குக் குறையாதோர் வேலைசெய்யும் இடத்தில் 5 ஆண்டு நிறைந்தவர் தாமாக விலகினாலும் பணிக்கொடை கொடுக்கவேண்டும் என்கிறது. மாதச் சம்பளக்காரருக்கு ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் என்பது கணக்கு. 30 நாளுக்குள் செலுத்தவேண்டும். மோசடி, கையாடல், சொத்துக்கு வேண்டுமென்றே விளைத்த சேதம் போன்றவையே அதைக் குறைக்கும், காய்ச்சல் குறைக்காது. ஊழியர் சேமலாப நிதியும் அவர் பெயரிலேயே இருக்கும்.

ஆயின் பணத்தைவிடப் பெரிய நட்டம் ஒன்றுண்டு. பொய்க் காய்ச்சல்காரர் பலர் சேர்ந்து மெய்க் காய்ச்சல்காரரின் வாக்கைச் செல்லாக் காசாக்கி விடுகின்றனர்.

நம் பழைய மாணாக்கர் ஒருவர் வெள்ளவத்தையில் அறை எடுத்துத் தங்கி, கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு லிகிதராயிருந்தார். 2017ஆம் ஆண்டு நடுப்பகுதியில் வேறிடத்தில் நல்ல வேலை கிடைக்க, ஒரு மாத அறிவித்தல் கொடுத்தார். இரண்டாம் வாரத்தில் கடுங்காய்ச்சல். தொலைபேசியில் அறிவித்தார். மேலாளர் நம்மூரவர், கெட்ட மனிதரல்லர். சிரித்தபடியே, “தம்பி, கடிதம் குடுத்த பிறகு எல்லாருக்கும் வாற காய்ச்சல்தானே உது!” என்றாராம். அந்தச் சிரிப்பு முள்ளாய்த் தைத்துவிட்டது. நான்காம் நாட்காலை உடம்பு குளிர்ந்திருந்தது. காய்ச்சல் விட்டதென்று எண்ணி, தாம் பொய்யரல்லர் என்று காட்டவே கந்தோருக்குப் போனார்.

அவ்வாண்டு நாடெங்கும் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளராகப் பதிவான ஆண்டு. டெங்குவின் வஞ்சகமே இதுதான்: காய்ச்சல் தணியும் வேளையே அபாய வேளை. மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், உடம்பு குளிரும்போதே சிலருக்கு இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். இரத்த அழுத்தம் விழும். வயிற்று நோவும் வாந்தியும் கண்டால் ஒரு கணமும் தாமதியாது ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். நம் இளைஞருக்கு அன்று மத்தியானமே வயிறு நொந்தது. “நடிக்கிறான்” என்பார்களென்று மாலை வரை வாய் திறவாதிருந்தார். மேசையில் சாய்ந்தவரைச் சக லிகிதர் ஒருவர் முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். ஆறு நாள் கட்டிலில் கிடந்து பிழைத்தார்.

அந்த மேலாளரை நாம் முழுதும் குறைசொல்ல மாட்டோம். அவருக்கு முன்னர் எத்தனை பொய்த் தலையிடிகள் வந்தனவோ! எனினும், விலகுபவர் நோயென்றால் வைத்தியச் சான்றிதழைக் கேட்கலாம், சிரிப்பது கூடாது. சான்றிதழுக்கு மருந்துண்டு, சிரிப்புக்கு மருந்தில்லை. கந்தோரில் கால் வைக்கவே மனமில்லாதவர், “என்னை முன்னதாக விடுவியுங்கள், அறிவித்தல் காலத்துச் சம்பளத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்” என்று நேரே கேட்டுவிடலாம். பல இடங்களில் இணங்கவே செய்கின்றனர். பொறுப்புகளை முதல் வாரத்திலேயே எழுதி ஒப்படைத்துவிட்டால், பின்னர் மெய்யாகவே நோய் வரினும் பக்கத்து மேசைக்காரர் தலையில் சுமை ஏறாது.

நம் இளைஞர் அதைச் செய்திருக்கவில்லை. மூன்றாம் நாள் மேலாளரே தோடம்பழப் பையுடன் விடுதிக்கு வந்தார். சுகம் விசாரித்தார், கட்டிலோரத்தில் வெகுநேரம் பேசாமல் இருந்தார். எழுந்து போகும்போதுதான், காசுப்பெட்டித் திறப்பு எங்கே என்று கூசிக்கூசிக் கேட்டார். அது கட்டில் தலைமாட்டில் தொங்கிய காற்சட்டைப் பையில் இருந்தது.