வெள்ளி மலைக்குப் போன பாதரசம்

இன்றைய பொலிவியாவில், 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பொத்தோசி. அங்குள்ள செர்ரோ ரிக்கோ மலையில் 1545இல் வெள்ளி கிடைத்தது. தொடக்கத்தில் மண்ணின் மைந்தர்களே, மலைக்காற்றில் கனலும் சிறு களிமண் உலைகளில் அதை உருக்கினார்கள். இருபது ஆண்டுகளில் நல்ல தாது தீர்ந்துபோனது. மிச்சமிருந்த மட்டமான தாதுவுக்கு உலை போதவில்லை, பாதரசம் தேவைப்பட்டது.

அது பெருவின் வாங்காவெலிகாவில் இருந்தது. தோல் பைகளில் கட்டி, லாமாக்களின் முதுகில் ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுவந்தார்கள். கப்பலில் அரிகா துறைமுகம். அங்கிருந்து மறுபடியும் மலையேற்றம். பொத்தோசியில் தாதுவைப் பொடியாக்கி, உப்பும் பாதரசமும் கலந்து, வெறுங்காலால் மிதித்துப் பிசைந்தார்கள். பிறகு அலசி, பிழிந்து, சூடேற்றினால் பாதரசம் ஆவியாகும், வெள்ளி தங்கும். அந்த ஆவி தொழிலாளர்களின் நுரையீரலுக்குள் போனது. கைகால் நடுக்கமும் பல்லுதிர்வும் அதன் விளைவுகள். பொத்தோசியைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டிருக்கிறது. வாங்காவெலிகாவுக்கு அதில் பாதி இடமாவது கொடுத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

வேலைக்கு ஆள்? பெருவை ஆண்ட ஸ்பானிய வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தொலேதோ 1570களில் அதற்கும் வழி செய்தார். இன்கா காலத்து முறைவேலையான ‘மித்தா’வை அவர் கட்டாய உழைப்பாக மாற்றினார். குறிப்பிட்ட மாகாணங்களில் ஏழு ஆண்களில் ஒருவர் சுரங்கத்துக்கு வந்தாக வேண்டும். பொத்தோசிக்கு மட்டும் ஆண்டுக்குச் சுமார் 13,000 பேர். மனைவி, மக்கள், லாமாக்களோடு வாரக்கணக்கில் நடந்தார்கள். பலர் ஊர் திரும்பவில்லை. கணக்கெடுப்பில் சிக்காமலிருக்க இன்னும் பலர் சொந்த நிலத்தை விட்டு வேறு ஊர்களுக்கு ஓடி, அங்கே அந்நியர்களாக வாழ்ந்தார்கள். போக வேண்டியவர்களின் எண்ணிக்கையோ அந்த வேகத்தில் குறைக்கப்படவில்லை. ஊரில் எஞ்சியவர்கள் தலையில்தான் அந்தப் பளு விழுந்தது. ஒரு நிலப்பகுதியின் குடும்பங்களையே இப்படிக் கலைத்துப்போட்டதை எந்த லாபக் கணக்கும் நியாயப்படுத்த முடியாது. 1812இல்தான் ஸ்பெயினின் காடிஸ் நாடாளுமன்றம் மித்தாவை ஒழித்தது.

வெள்ளியின் பயணம் நீண்டது. ஒரு பகுதி ஸ்பெயினின் செவில்லுக்குப் போனது. அங்கிருந்து ஆம்ஸ்டர்டாம் வழியாகவும் பிற வழிகளிலும் இந்தியாவுக்கு வந்து, சூரத் நாணயச்சாலையில் முகலாய ரூபாயானது. இன்னொரு பகுதி மெக்சிகோவின் அகாபுல்கோவிலிருந்து மணிலா வழியாகச் சீனாவுக்குப் போனது. மிங் அரசு வரியை வெள்ளியில் வாங்கியதால், அங்கு அதற்கு நல்ல மதிப்பு. பட்டும் பீங்கானும் எதிர்த்திசையில் புறப்பட்டன.

பொத்தோசியில் தாது பொடிக்கும் ஆலைகளைத் தண்ணீரால் ஓட்ட, மலைகளில் அணைகள் கட்டப்பட்டன. 1626இல் சான் இல்தெஃபோன்சோ அணை உடைந்து நகரத்தின் ஒரு பகுதியையும் ஆலைகளையும் அடித்துச் சென்றது. ஆலைகளைத் திரும்பக் கட்டினார்கள். பாதரசம் கலந்துபோன வாங்காவெலிகாவின் மண்ணைச் சுத்தம் செய்ய மட்டும் ஆளில்லை. அந்த மண்ணைக் குழைத்துச் செய்த பச்சைச் செங்கற்களால்தான் அங்கு ஏழைகளின் வீடுகள் எழுந்தன. அண்மை ஆண்டுகளில் ஆய்வாளர்கள் சோதித்தபோது, அந்தச் சுவர்களில் பாதரசம் இருந்தது. மக்கள் இன்றும் அவற்றுக்குள்தான் குடியிருக்கிறார்கள்.