பைலட் பயிற்சி: டேங்கில் எவ்வளவு எரிபொருள் போதும்?

2015 ஆகஸ்ட் 18 காலை. தோஹாவிலிருந்து 142 பயணிகளுடன் கொச்சிக்கு வந்த ஜெட் ஏர்வேஸ் விமானம், ஓடுபாதை சரியாகத் தெரியாததால் மூன்று முறை இறங்க முயன்று மேலே ஏறியது. பிறகு திருவனந்தபுரம் போனது. அங்கும் மூன்று முறை முடியவில்லை. ஏழாவது முயற்சியில் தரை தொட்டபோது டேங்கில் இருந்தது 349 கிலோ எரிபொருள். போயிங் 737-க்கு அது சுமார் பத்து நிமிடக் கணக்கு. வளைகுடாவிலிருந்து வரும் சொந்தங்களுக்காக விமான நிலையத்தில் காத்து நின்றவர்களுக்கு இதன் கனம் புரியும்.

அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்து விமானங்களைப் பார்த்து வளரும் திருத்தணிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பைலட் ஆசை வருவது இயல்பு. பைக்கில் பெட்ரோல் தீர்ந்தால் பங்க் வரை தள்ளிக்கொண்டு போகலாம். விமானத்தில் அது நடக்காது. அதனால்தான் பறக்கும் முன்பே பேப்பரில் கணக்கு.

பயிற்சிக்குப் பயன்படும் செஸ்னா 172 மணிக்குச் சுமார் 35 லிட்டர் குடிக்கும். இரண்டு மணி நேரப் பயணம் என்றால் 70 லிட்டர். ஸ்டார்ட் செய்து ஓடுபாதைக்குப் போக 5. எதிர்க்காற்று போன்றவற்றுக்குப் பயண அளவில் 5 சதவீதம், அதாவது மூன்றரை லிட்டர். இறங்க முடியாமல் போனால் அரை மணி தூரத்திலுள்ள மாற்று விமான நிலையத்துக்கு பதினேழரை. இவை எல்லாவற்றுக்கும் மேல், பிஸ்டன் எஞ்சினுக்கு 45 நிமிட இறுதி இருப்பு, 26 லிட்டர். மொத்தம் 122. (ஜெட் விமானத்துக்கு இறுதி இருப்பு 30 நிமிடம்.)

இந்த இறுதி இருப்பைச் செலவுக் கணக்கில் சேர்க்கவே கூடாது. மாற்று நிலையத்துக்குப் போகும் எரிபொருளும் இறுதி இருப்பும் மட்டும் மிஞ்சும் நேரத்தில், 'இன்னொரு தடவை முயல்வோம்' என்பதை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். கொச்சியில் வானிலையை விடப் பெரிய சிக்கல், அந்த முடிவு தள்ளிப்போனதுதான் என்பேன்.

அலகிலும் கவனம் வேண்டும். 1983-ல் கிலோவுக்கும் பவுண்டுக்கும் குழம்பியதால் ஏர் கனடா விமானம் ஒன்று நடுவானில் எரிபொருள் தீர்ந்து, எஞ்சின் இல்லாமலே கிம்லியில் இறங்கியது. செஸ்னாவின் மீட்டர் பெரும்பாலும் கேலனில் காட்டும், நிரப்புவது லிட்டரில், எடைக் கணக்கில் ஒரு லிட்டர் 0.72 கிலோ. மீட்டரை மட்டும் நம்பாமல் டேங்க் மூடியைத் திறந்து அளவுகோலை விட்டுப் பார்ப்பதும், அடியில் கொஞ்சம் வடித்துத் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அன்றாட வேலை.

பயிற்சிப் பள்ளி தேடும் பெற்றோர் கட்டணத்தோடு இதையும் கேளுங்கள்: எரிபொருள் கணக்கை மாணவரே போடுகிறாரா, ஆசிரியர் போட்டுக் கொடுக்கிறாரா?